மூக்கு முதலாளியின் வலது கை

அவள் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் நேராகப் போய் ஒரு பெரிய மனிதரின் மூக்கில் விழுந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது...

பெரிய மனிதர் திட்டவில்லை. வாய் என்னவோ திறந்துதான் இருந்தது. உள்ளே கை இல்லாததால் பேச்சு வரவில்லை. நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். பஞ்சு அடைத்த தலை, வெல்வெட் சட்டை, பார்த்தவர் மறக்க முடியாத ஒரு மூக்கு. இடுப்புக்குக் கீழே காற்றுதான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தோளில் துணிக்கட்டோடு ஓடி வந்தவள், முதலில் கண்ணில் பட்ட நாற்காலியின் முதுகில் குடையை மாட்டினாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"குடையை எடுங்க."

அதட்டல் இல்லை. ஆனால் பின்னாலிருந்து வந்ததில் திடுக்கிட்டுத் திரும்பினாள். எதிரே ஒரு சட்டைப் பொத்தான் தெரிந்தது. முகம் வேண்டுமென்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும்... அப்படி ஓர் உயரம். அவனோ அவளைப் பார்க்கவேயில்லை. குனிந்து, தன் சட்டை நுனியால் அந்த மூக்கை ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான், சளி பிடித்த குழந்தைக்குத் துடைத்துவிடுகிற மாதிரி.

வேறு பெண்ணாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். இவள் ஜவுளிக்கடைக்காரர் மகள். மன்னிப்பு என்பது பேரத்தின் முடிவில் இறங்கி வருகிற விலை. எடுத்த எடுப்பிலா சொல்லுவார்கள்?

"உக்கார்ற நாற்காலியில பொம்மையை வச்சது யார் தப்பு?" என்றாள்.

"பொம்மை இல்ல."

"பின்ன?"

"முதலாளி."

அப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். அந்த மூக்கு... அந்தப் புருவம்... கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. வீட்டில் வாரம் தவறாமல் அப்பா சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிற 'கடைசி விலை' நிகழ்ச்சியின் மூக்கு முதலாளி!

தொலைக்காட்சியில் அது எத்தனை காலமாக ஓடுகிறது என்று கேட்டால், ஆரம்பத்தில் அதைப் பார்த்துச் சிரித்த குழந்தைகள் இப்போது தங்கள் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கதை ஒன்றும் பெரிதில்லை. மூக்கு முதலாளிக்கு ஒரு கடை. அதில் இல்லாத சாமான் இல்லை. ஆடு வரும், காக்கா வரும், தவளைத் தம்பதி வருவார்கள். கொண்டையம்மா என்கிற கோழி வாராவாரம் வந்து ஒரே ஒரு குடையை விலை கேட்பாள். முதலாளி ஏற்றுவார், அவள் இறக்குவாள், கடைசியில் இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குடை மட்டும் விற்றதே கிடையாது.

பொம்மைகளைத் தைத்துப் பராமரிக்கிற தையல் அக்கா உள்ளேயிருந்து வந்து, இவள் அந்தப் படப்பிடிப்புக் கூடத்துக்குக் கொண்டுவந்த வெல்வெட்டை விரித்துப் பார்த்தாள். சாயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கினாள். போதாதா? கடைக்காரர் மகள் களத்தில் இறங்கிவிட்டாள். வாய் பேசியதைவிட வலது கைதான் அதிகம் பேசியது. துணியை வருடிக் காட்டியது, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது, 'இந்த விலைக்கு வேற எங்கயாவது போய்க் கேளுங்களேன்' என்று காற்றில் ஒரு வீச்சு வீசியது, பிறகு மனமிரங்கி மெதுவாக அக்காவின் தோளில் போய் உட்கார்ந்தது. அக்கா தலையாட்டிவிட்டாள்.

நெட்டை மனிதன் மூக்கைத் துடைப்பதை நிறுத்தியிருந்தான். ஆண்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அல்லது கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவன் அவள் கையை மட்டும் பார்த்தான்... கண் இமைக்காமல்.

"இந்தக் கையைக் கொஞ்ச நேரம் குடுக்க முடியுமா?" என்று கேட்டான்.

தையல் அக்கா வாயில் கவ்வியிருந்த ஊசியைக் கீழே நழுவவிட்டாள்.

*

விஷயம் இதுதான். மூக்கு முதலாளியை ஆட்டுவிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தன் வலது கையைத் தலைக்குள் விட்டு வாயை அசைத்து, குரலும் கொடுத்து, இடது கையை முதலாளியின் இடது கைக்குள் நுழைத்துக்கொள்வார். அது நெட்டை. முதலாளியின் வலது கைக்கு இன்னொருவர். கண்ணாடி சோடாப் புட்டி கனத்தில் இருந்ததால் அவனுக்குச் சோடா என்று பெயர். அன்று காலை அதே மழையில் படியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். மழை விட்டதும் படப்பிடிப்பு. முதலாளிக்கு வலது கை இல்லை.

"வெறும் கை அசைக்கறதுதானே?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. நீந்தறதுன்னா வெறும் கால் அசைக்கறதுதானே," என்றான் சோடா மூலையிலிருந்து.

கடை செட்டு தரையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. மேலே பொம்மைகள், கீழே, கேமராவுக்குத் தெரியாத இடத்தில், கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனிதர்கள். காலடியில் சின்னச் சின்ன டிவிகள். மேலே பொம்மை என்ன செய்கிறது என்பதை அதில்தான் பார்க்க முடியும். அவள் உயரம் போதவில்லை. ஒரு பலகையைப் போட்டு ஏற்றினார்கள்.

"இடது கையால என் பெல்ட்டைப் பிடிச்சுக்குங்க," என்றான் அவன், எதிரே பார்த்தபடி. "நான் நகர்ந்தா நீங்களும் நகரணும்."

அவள் தயங்கினாள். பெயர் தெரியாத ஆணின் பெல்ட்டை... தையல் அக்கா பின்னாலிருந்து, "பிடி, பிடி. எங்க தொழில்ல அதான் வணக்கம் சொல்ற மாதிரி," என்றாள்.

பிடித்தாள். தோளோடு தோள் ஒட்டிக்கொண்டது. சவுக்கார வாசனை.

அவன் மூன்றே விதிகள் சொன்னான். கண் டிவியைவிட்டு அசையக் கூடாது. கை தானாக யோசிக்காமல், அவன் மூச்சைக் கேட்டுத்தான் எழ வேண்டும். மூன்றாவது, மேடைக்குக் கீழே எதுவுமே கிடையாது. முதலாளி மேலே பார்க்கலாம், பக்கத்தில் பார்க்கலாம், கீழே மட்டும் குனிந்து பார்க்கவே கூடாது. பார்த்தால் அடியில் ஆள் இருப்பது தெரிந்துவிடும். அந்த நொடியில் முதலாளி செத்து வெறும் துணியாகிவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு பொம்மைகூட அந்தத் தப்பைச் செய்ததில்லை.

கேமரா ஓட ஆரம்பித்தது. அவன் மூச்சை இழுத்தான். அவள் கையை வலப்பக்கம் வீசினாள். டிவியில் அது இடப்பக்கம் போயிற்று. பதறிப்போய்த் திருப்பியவள், முதலாளியின் கையாலேயே முதலாளியின் மூக்கில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

முதலாளி, அதாவது அவன், அந்தக் கையைத் திரும்பிப் பார்த்து, "நீயுமா கூலி உயர்வு கேக்கற?" என்றார்.

சிரிப்பில் செட்டே குலுங்கியது. இயக்குநர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். சோடாவுக்குக் கை கூடும் வரை வரச் சொன்னார். அன்று மாலையே அவளுக்கு அங்கே 'ஜவுளி' என்று பெயரும் விழுந்துவிட்டது.

*

அப்பாவிடம் அனுமதி வாங்கியது தனிப் பேரம். காலையில் கடை, மதியத்துக்கு மேல் முதலாளி என்று முடிந்தது. அடுத்த வாரம் நிகழ்ச்சியைப் பார்த்த அப்பா சாப்பிடுகிற கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அடேயப்பா... துணியை எப்படித் தொடறான் பாரு. இத்தனை நாள் இந்த ஆளுக்கு வாய் மட்டும்தான் இருந்தது. இப்பதான் வியாபாரி ஆயிருக்கான்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

நாட்கள் போகப் போக அவளுக்கு அவனுடைய மூச்சுகள் எல்லாம் அத்துப்படியாயின. முதலாளி கோபப்படப் போகிறார் என்றால் ஒரு மூச்சு. பொய் சொல்லப் போகிறார் என்றால் அதைவிடச் சின்னதாக ஒன்று. அவன் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருப்பது தெரியும். களைத்துப்போனால் இடது தோள் லேசாக நடுங்குவது தெரியும். மதியம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அது முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

அவன் கண்கள் மட்டும் எப்படி இருக்கும் என்று தெரியாது.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். தினமும் இத்தனை மணி நேரம் ஒட்டி நிற்கிறார்கள்... ஆனால் இரண்டு பேரின் கண்களும் டிவியில். பொம்மையைக் கழற்றி வைத்ததும் அவன் குனிந்து பலகை, கம்பி, மைக் என்று ஏதோ ஒன்றை எடுத்து அடுக்கிக்கொண்டிருப்பான். அந்த உயரத்தில் குனிந்த தலையை யார் எட்டிப் பார்ப்பது? காதல் கதைகளில் முதலில் கண் பார்க்கும். கடைசியில்தான் கை தொடும். இவள் கதையைத் தலைகீழாகப் பிரித்துப் படிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

மழை வந்தால் மட்டும் கொஞ்சம் ஓய்வு. கூரை தகரம். தூறல் விழுந்தால்கூட ஒலிப்பதிவு கெட்டுவிடும். உடனே "மழை!" என்று மேலிருந்து குரல் வரும், எல்லாரும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மேடைக்கு அடியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஆடு ஆட்டுவிப்பவர் குறட்டை விடுவார். தவளைத் தம்பதியை ஆட்டுவிக்கிறவர்கள் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள். கொண்டையம்மாவை ஆட்டுவிக்கிற பாட்டுக்காரி மெதுவாக எதையாவது முணுமுணுப்பாள்.

"உங்களுக்கு ஒரு வார்த்தை பேச என்ன செலவாகும்?" என்று ஒரு மழையில் அவள் கேட்டாள்.

"கேக்கறவங்களைப் பொறுத்து."

"நான் கேட்டா?"

அவன் யோசித்தான். "கடன் சொல்லிக்கலாம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள்.

இன்னொரு மழை. அது அவளால் மறக்க முடியாத மழை. கூரையில் சடசடவென்று பிடித்துக்கொண்டபோது முதலாளி கைகட்டி உட்கார்ந்திருக்கிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வலது கை இடது கையின் மேல். அதாவது அவள் கை, அவன் கையின் மேல்... பொம்மையின் கையுறைகளுக்குள். "மழை!" என்றது மேலே. இருவரும் முதலாளியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கழற்றியிருக்க வேண்டும். அவனும் கழற்றவில்லை... அவளும் கழற்றவில்லை. மேலே வெல்வெட், உள்ளே ஃபிளானல். அந்தப் பக்கம் மறுபடி ஃபிளானல், வெல்வெட். துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணியைச் சபித்தாள்.

மழை நின்றது. அவன் கையை உருவிக்கொண்டு எழுந்தான்.

அவள் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் கல்லாப் பெட்டிக்கு அருகில் வளர்ந்தவளின் ரத்தத்தில் ஓர் ஒழுங்கு ஊறியிருந்தது: விலையை எதிராளி வாயிலிருந்து வரவழை. நீ முதலில் திறந்தால் போச்சு. அவள் காத்திருந்தாள். ஒரு பார்வை. ஒரு வார்த்தை. அது அவன் பக்கமிருந்து வரட்டும்...

*

வார்த்தை வந்தது. வேறு மாதிரி வந்தது.

சோடாவின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். அதே வாரம் பாட்டுக்காரி கணவனோடு வேறு ஊருக்குக் குடிபோவதாகச் சொன்னாள். தேநீர் நேரத்தில் இயக்குநர் தலையைச் சொறிந்தார். கொண்டையம்மாவை யாரிடம் கொடுப்பது? குரலும் வேண்டும், பேரமும் வர வேண்டும்.

"ஜவுளி பண்ணட்டும்," என்றான் நெட்டை. தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வலது கைக்குத்தான் சோடா வந்துட்டானே."

எல்லாரும் ஆகா என்றார்கள். தையல் அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். தனக்கென்று ஒரு முழுப் பொம்மை... அங்கே அதற்காக வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அவளுக்கும் அது தெரியும். ஆனால் பிரித்துக் காட்டிய துணியை 'இது வேண்டாம்' என்று வாடிக்கையாளர் நகர்த்தி வைப்பாரே... அந்த மாதிரி இருந்தது.

வெளியே படியில் அவனைப் பிடித்தாள். தூறிக்கொண்டிருந்தது.

"என்னைக் கேக்காம எப்படிச் சொன்னீங்க?"

"நல்லா பண்ணுவீங்க."

"அது சரி. முதலாளிக்கு வலது கை யாரா இருந்தாலும் பரவாயில்லையா?"

அவன் படியில் விழுகிற தூறலைப் பார்த்தான். மூச்சை இழுத்தான். அது எந்த மூச்சு என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"கை பழகிடும்," என்றான்.

'இரு' என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். கோழியும் வேண்டாம், கொண்டையும் வேண்டாம் என்று அந்தப் பலகையிலேயே நின்றிருப்பாள். அவள் குடையை விரித்தாள். வேண்டுமென்றே மெதுவாக விரித்தாள். விரித்து முடிக்கும் வரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை.

"பழகிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

*

கொண்டையம்மா அவளுக்கு அருமையாக வந்தது. வராமல் இருக்குமா? பேரம் பேசத் தெரிந்த கோழி. இயக்குநருக்கு ஏக குஷி. ஆனால் ஒரு கோளாறு.

முதலாளியும் கொண்டையம்மாவும் எதிரெதிரே நின்று பேசுகிற காட்சிகளில், கீழே ஆட்டுவிப்பவர்களும் எதிரெதிரே நிற்க வேண்டும். அவனுக்கான டிவி அவள் காலடியில்; அவளுக்கான டிவி அவன் காலடியில். அவள் கண்ணை எடுக்காமல் டிவியில்தான் வைத்திருந்தாள். பழக்கம் எங்கே விடுகிறது? முதலாளி பேச மூச்சை இழுக்கும்போதெல்லாம் இவள் கை தானாக எழுந்தது. அந்தக் கை இப்போது கோழியின் தலைக்குள். ஆகவே முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே கொண்டையம்மா தலையைத் தூக்கி அவர் முகத்தை ஏங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும்.

"ஏம்மா கொண்டையம்மா, அவர் மூச்சு வாங்கினா உனக்கு என்னம்மா?" என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் கொதித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை என்பதை, பார்க்காமலே, அந்த மூச்சிலிருந்து தெரிந்துகொண்டாள்.

அவன் பக்கமும் ஏதோ சரியில்லை. எத்தனையோ வருஷமாக நூல் பிடித்த மாதிரி நேராக இருந்த முதலாளியின் பார்வை, இப்போதெல்லாம் ஒரு விரற்கடை சரிந்து நின்றது. கேமராவின் கோளாறு என்று இயக்குநர் லென்ஸைக் கழற்றித் துடைக்கச் சொன்னார். சோடா தன் பங்குக்கு அவளிடம் வந்து புலம்பினான். நான் பெல்ட்டைப் பிடிச்சா அந்த ஆளு நெளியறான், புதுசா வாங்கின செருப்பை மாட்டின மாதிரி முகத்தை வச்சுக்கறான் என்றான்.

"கை பழகிடும்," என்றாள் அவள்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. "முதலாளி கை ஏன் செத்துக் கிடக்குது?" என்று அப்பா டிவியைப் பார்த்துக் கேட்டார். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே எது விற்கும், எது திரும்பி வரும் என்று சொல்லிவிடுகிற மனுஷன்.

"இந்தக் குடை வியாபாரம் இப்படியே போனா முடியாது," என்றார் பொதுவாக. "ரெண்டு பேரும் விறைச்சுக்கிட்டு நின்னா எப்படி? எனக்கு உங்கம்மாவைப் பார்க்கப் போனப்ப, நான்தான் முதல்ல வாயைத் திறந்தேன்."

"அன்னைக்குத் திறந்தது. இன்னும் மூடின பாடில்ல," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

அவள் கொல்லைக் குழாயடியில் தட்டைக் கழுவினாள். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. கழுவிக்கொண்டே நின்றாள். இடது கை மட்டும் எதையோ பிடித்துக்கொள்ளத் தேடியது. ஒரு பெல்ட்டின் விளிம்பு... அந்தக் கைக்கு இனிமேல் பிடிக்க ஒன்றுமே இல்லை.

*

இயக்குநருக்குத் திடீரென்று ஒரு யோசனை. இத்தனை வருஷமாக விற்காத குடையை இந்த முறை விற்றுவிட வேண்டும். முதலாளி ஒரு விலை சொல்லுவார், கொண்டையம்மா சரி என்பாள், கை குலுக்கிக்கொள்வார்கள். ஊரே வாயைப் பிளக்கும். ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், நடுவில் யாரும் தும்மக்கூடக் கூடாது என்று எச்சரித்திருந்தார்.

மதியம். வானம் மூடிக்கொண்டு நின்றது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் பரபரப்பு. நெற்றியில் மைக்கைக் கட்டிக்கொண்டு, கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இந்தப் பக்கம் அவள். எதிரே அவன், அவனுக்குப் பக்கத்தில் பெல்ட்டைப் பிடித்தபடி சோடா.

குடை கடை மேசையில் இருந்தது. கொண்டையம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கம்பியைக் குறை சொன்னாள். துணியைக் குறை சொன்னாள். முதலாளி மூக்கைத் தூக்கினார். எல்லாம் எழுதியபடியே நடந்தது. கடைசியில் கொண்டையம்மா இறக்கையை மடக்கிக்கொண்டு கேட்டாள்:

"சரி... இழுத்தது போதும். கடைசி விலை சொல்லுங்க."

எழுதிக்கொடுத்த வசனம்தான். ஆனால் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அது கொண்டையம்மாவின் குரலாக இல்லை.

டிவியில் அவள் பார்த்தாள். முதலாளியின் தலை கொண்டையம்மாவைவிட்டு மெல்லத் திரும்பியது. குடையைத் தாண்டியது. மேசை விளிம்பைத் தாண்டியது. அந்தப் பெரிய மூக்கு மெதுவாக... மெதுவாகக் கீழே குனிந்தது. இத்தனை வருஷமாக ஒரு பொம்மையும் பார்க்காத இடத்தை, எதுவுமே இல்லை என்று சொல்லப்பட்ட அந்த இடத்தை, முதலாளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'கட்' சொல்ல வேண்டிய இயக்குநர் வாயைப் பிளந்தபடி நின்றார்.

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

இரண்டு கையும் தலைக்கு மேலே, நெற்றியில் மைக், வியர்வை வழிகிற முகம்... அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறைக்காமல் பார்த்தான். அவன் கண் போகிற இடத்துக்கெல்லாம் முதலாளியின் தலையும் போகும். அது அவன் கையின் பழக்கம். அதுதான் காட்டிக் கொடுத்துவிட்டது. இப்படித்தானா இருக்கும் இந்தக் கண்கள்? தேன் நிறத்தில்... கலங்கி... கேட்டு வாங்கத் தெரியாத குழந்தை கடை வாசலில் நிற்கிற மாதிரி...

கூரையில் முதல் துளி விழுந்தது. இன்னொன்று. பிறகு சடசடவென்று.

"ம... மழை," என்றது மேலே ஒரு குரல், தயங்கித் தயங்கி. யாரும் கையை இறக்கவில்லை.

"முதலாளி என்ன பார்க்கறாரு?" என்றாள் அவள்.

"அவர் இல்ல. நான்தான்."

"எப்பலேருந்து?"

"நீங்க எதிர்ல வந்து நின்ன நாள்லேருந்து." மூச்சு வாங்கினான். "பக்கத்துல நின்னப்ப உங்களைப் பார்க்கவே முடியல. மூச்சு மட்டும் கேக்கும். திரும்பினா முதலாளி திரும்பிடுவாரு. எதிர்ல நின்னா என் டிவி உங்க காலடியில இருக்கும்... கண்ணைக் கொஞ்சம் தூக்கினா போதும்னு..."

"அதுக்கா என்னைக் கோழியாக்கினீங்க?"

"நல்லாவும் பண்ணுவீங்க," என்றான் அவசரமாக. "அது பொய் இல்ல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கை பழகிடும்னு சொன்னீங்களே அன்னைக்கு."

"பழகல."

"அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன். நீங்க குடையை விரிச்சீங்க."

"மெதுவாத்தானே விரிச்சேன்..."

இருவருக்கும் நடுவில் எங்கோ தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. சோடா. ஒரு கை அவன் பெல்ட்டில், ஒரு கை முதலாளியின் சட்டைக்குள். கண்ணாடிக்குள் கண்கள் ஊஞ்சலாடின.

"நான் வேணா கையை எடுத்துக்கவா?"

யாரும் பதில் சொல்லாததால் எடுத்துக்கொண்டான். போகிறபோக்கில் முதலாளியின் தலையையும் நெட்டையின் கையிலிருந்து பத்திரமாக வாங்கிக்கொண்டான். மறுபக்கம் தையல் அக்கா ஓடி வந்து கொண்டையம்மாவை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் வெறும் கையோடு நின்றார்கள்.

ஒலிபெருக்கி ஒரு முறை கரகரத்தது. "ரெண்டு பேர் மைக்கும் ஆன்ல இருக்கு," என்றார் இயக்குநர், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற குரலில். "சொல்லணும்னு தோணிச்சு. நீங்க பேசுங்க."

அவன் முகம் சிவந்தது. ஆனால் பார்வையைத் திருப்பவில்லை.

"எனக்குப் பேரம் தெரியாது," என்றான். "மேல இருக்கறவர் பேசுவாரு. எனக்கு வராது. உங்களை... எனக்கு வேணும். அவ்வளவுதான். இதுக்கு மேல எப்படி ஏத்தறது, எப்படி இறக்கறதுன்னு தெரியல."

கடைக்காரர் மகள் கேட்டுக்கொண்டு நின்றாள். எதிராளி வாயிலிருந்து விலை வந்துவிட்டது. இனி அவள் யோசிப்பது போல நடிக்கலாம். உதட்டைப் பிதுக்கலாம். படியிறங்கிப் போவது போலப் போய், கூப்பிட்டதும் திரும்பலாம். கல்லாவைச் சுற்றி வளர்ந்தவளுக்கு எத்தனை வித்தை தெரியும்... ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அவள் பலகையிலிருந்து இறங்கினாள். இப்போது அவன் இன்னும் உயரமாகிவிட்டான். கையை நீட்டினாள். முதலாளியின் மூக்கில் அறைந்த அதே வலது கை.

அவன் பிடித்துக்கொண்டான். வெல்வெட் இல்லை. ஃபிளானல் இல்லை. அந்த உள்ளங்கை இவ்வளவு சூடாக இருக்கும் என்று எந்தத் துணியும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"கோழியை நான் விடமாட்டேன்," என்றாள்.

"வேண்டாம். எதிர்லயே நில்லுங்க."

"எங்க அப்பாகிட்ட நீங்கதான் வந்து பேசணும். சும்மா விடமாட்டாரு. முதலாளியோட வியாபாரத்துல இருக்கற குறையெல்லாம் உக்கார வச்சு சொல்லுவாரு."

"கேட்டுக்கறேன்."

"அப்புறம்... எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும்." குரல் இறங்கிவிட்டது. மழை இரைச்சலில் அவன் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. "பலகையில நின்ன நாள்லேருந்து அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்... நீங்களா தரட்டும்னு வீம்பா இருந்துட்டேன்."

"சொல்லுங்க."

"கண்ணை எடுக்காதீங்க."

"டிவி..."

"அது கிடக்கட்டும்."

மேலே கடை மேசையில் குடை விற்காமல் கிடந்தது. தகரக் கூரையில் மழை அடித்து ஊற்றியது. சீட்டுக்கட்டைப் பிரித்த தவளைத் தம்பதி ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அந்த மழை எப்போது நின்றது என்று மேடைக்குக் கீழே இருந்த இரண்டு பேருக்கும் தெரியாது. அவன் கண்ணை எடுக்கவில்லை.